கோட்டை காக்காத வீரர்

கோட்டை என்றதும் உயர்ந்த மதிலும் ஆழ்ந்த அகழியும் நம் மனக்கண்முன் வந்து நிற்கும். மதிலும் அகழியும் இல்லாத கோட்டைகளும் உலகில் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில், டெக்சாஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியில், செங்குத்தான பாறை மலைகளின் அடிவாரத்தில் அமைந்துள்ள டேவிஸ் கோட்டை அத்தகையது. ஒருபுறம் படைவீரர்களின் குடியிருப்புகள், எதிர்ப்புறம் அதிகாரிகளின் வீடுகள், இடையே அகன்ற அணிவகுப்புத் திடல், அப்பால் மருத்துவமனை, பண்டகசாலை, குதிரை லாயங்கள். இவையே அக்கோட்டை. அமெரிக்கப் படையின் எல்லைப்புறக் கோட்டைகளுள் இன்றும் நல்ல நிலையில் பாதுகாக்கப்பட்டு வருபவற்றுள் அதுவும் ஒன்று.

வரலாறு பயிலும் மாணவன் என்ற முறையில், ஒரு கோட்டையைப் பற்றிப் படிக்கும்போது அதனைக் கட்டியவர் யார், பிடித்தவர் யார், இழந்தவர் யார் என்று தேடுவதே என் வழக்கம். டேவிஸ் கோட்டையைப் பற்றிப் படித்தபோது என் மனம் இம்மூவரையும் விட்டு நான்காம் ஒருவரிடம் சென்று நின்றுவிட்டது. அவர் அக்கோட்டையைக் கட்டியவரும் அல்லர், பிடித்தவரும் அல்லர். அங்கே சில மாதங்கள் பணியாற்றி, குற்றம் சாட்டப்பட்டு, படையிலிருந்தே நீக்கப்பட்டவர். அவர் பெயர் ஹென்றி ஓசியன் ஃபிளிப்பர். வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் தேறி வெளிவந்த முதல் கறுப்பின மாணவர் அவரே. அவர் வாழ்க்கையையும் அக்கோட்டையின் வரலாற்றையும் சேர்த்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எல்லைப்புறத்தில் எழுந்த கோட்டை

1848-ஆம் ஆண்டில் மெக்சிகோவுடன் நடந்த போர் முடிந்தபோது மிகப் பெரிய நிலப்பரப்பு அமெரிக்காவின் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டிலேயே கலிபோர்னியாவின் தங்கத்தை நாடி மக்கள் மேற்கு நோக்கி விரைந்தனர். சான் அந்தோனியோ நகரிலிருந்து எல் பாசோ நகருக்குச் செல்லும் பெருவழி அவர்கள் சென்ற பாதைகளுள் ஒன்று. அப்பாதை அப்பாச்சி, கமான்சி ஆகிய பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் நடமாடியும் வந்த நிலத்தை ஊடறுத்துச் சென்றது. மோதல்கள் மூண்டன. பயணிகளையும் அஞ்சல் வண்டிகளையும் காப்பதற்கென 1854-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் லிம்பியா ஓடையின் அருகே ஒரு படைத்தளம் நிறுவப்பட்டது. அப்போது போர்த்துறை அமைச்சராக இருந்த ஜெஃபர்சன் டேவிஸின் பெயரே அதற்கு இடப்பட்டது.

ஏழாண்டுகள் கழிந்தன. அடிமை முறையை விடமாட்டோம் என்று தென் மாநிலங்கள் கூட்டாட்சியிலிருந்து பிரிந்தன. உள்நாட்டுப் போர் மூண்டது. பிரிந்து சென்ற மாநிலங்களுக்குத் தலைவரானவர் அதே ஜெஃபர்சன் டேவிஸ். 1861-இல் கூட்டாட்சிப் படை கோட்டையை விட்டு வெளியேறியது. தென்னவர் படை சிறிது காலம் அங்கே தங்கி, 1862-இல் அதுவும் நீங்கியது. பின்னர் ஐந்தாண்டுகள் ஆளில்லாமல் கிடந்த கோட்டை பாழாயிற்று.

போர் முடிந்தபின், 1867-ஆம் ஆண்டில், வெஸ்லி மெரிட் என்ற தளபதியின் தலைமையில் 9-ஆம் குதிரைப்படைப் பிரிவு அங்கே வந்தது. அப்பிரிவின் அதிகாரிகள் வெள்ளையர். வீரர்கள் அனைவரும் கறுப்பினத்தவர். அவர்களுள் பலர் சில ஆண்டுகளுக்கு முன்வரை அடிமைகளாக இருந்தவர்கள். கல்லாலும், சூளையில் சுடாமல் வெயிலில் உலர்த்திய பச்சைச் செங்கல்லாலும் புதிய கோட்டை எழுந்தது. அடிமை முறைக்காகப் போரிட்டவரின் பெயரைத் தாங்கிய கோட்டையை, அடிமைத் தளையிலிருந்து விடுபட்டவர்களின் உழைப்பு மீண்டும் எழுப்பியது. வரலாற்றில் இத்தகைய முரண்கள் பல. இதனைவிடப் பெரியதொன்றை நான் படித்ததில்லை. 1867 முதல் 1885 வரை நான்கு கறுப்பினப் படைப்பிரிவுகளும் இக்கோட்டையில் பணியாற்றின.

அடிமைக் குடியில் பிறந்த பிள்ளை

ஃபிளிப்பர் 1856-ஆம் ஆண்டு மார்ச் 21-ஆம் நாள் ஜார்ஜியா மாநிலத்தில் தாமஸ்வில் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஃபெஸ்டஸ் காலணி தைக்கும் தொழிலில் வல்லவர். தாய் இசபெல்லா. இருவரும் அடிமைகள், அதுவும் வெவ்வேறு உடைமையாளர்களுக்கு உரியவர்கள். ஆகவே பிறந்த குழந்தை தாயின் உடைமையாளருக்குச் சொந்தம் என்பது அன்றைய சட்டம்.

ஃபெஸ்டஸின் உடைமையாளர் அட்லாண்டா நகருக்குக் குடிபெயர முடிவு செய்தார். மனைவியும் மகனும் ஓர் ஊரில், கணவன் மற்றோர் ஊரில் என்று குடும்பம் சிதறும் நிலை வந்தது. தொழில் திறத்தால் ஃபெஸ்டஸ் சிறிது சிறிதாகப் பணம் சேர்த்து வைத்திருந்தார். அப்பணத்தைத் தம் உடைமையாளருக்கே கடனாகக் கொடுத்து, அதைக்கொண்டு தம் மனைவியையும் மகனையும் விலைக்கு வாங்கச் செய்தார். தன் பெண்டு பிள்ளைகள் தன் கண்ணெதிரே இருக்கவேண்டும் என்பதற்காகத் தன் பணத்தைப் பிறனிடம் கொடுத்து அவர்களைப் பிறனுக்கே உடைமையாக்கிய தந்தையின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். அடிமை முறையின் கொடுமையை விளக்க நூறு பக்கங்கள் வேண்டா. இந்த ஒரு நிகழ்ச்சி போதும்.

இரவு நேரத்தில், மரவேலைக் கூடத்தில், எழுத்தறிந்த மற்றோர் அடிமையிடம் சிறுவன் ஹென்றி எழுத்துக் கற்றான். 1865-இல் விடுதலை வந்தது. கிறித்தவச் சபையார் கறுப்பினச் சிறுவர்க்கென நடத்திய பள்ளியிலும், பின்னர் அட்லாண்டா பல்கலைக் கழகத்திலும் கல்வி தொடர்ந்தது. வெஸ்ட் பாயிண்டில் சேர விரும்பிய இளைஞர், தம் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினருக்குத் தாமே கடிதம் எழுதினார். தேர்வுகளில் தேறினார். 1873-இல் இடம் கிடைத்தது. அந்த இடத்தைத் தம் மகனுக்கு விட்டுக் கொடுத்தால் 5,000 டாலர் தருவதாக ஒருவர் முன்வந்தார். அன்றைய நிலையில் அது பெருஞ் செல்வம். ஃபிளிப்பர் அதனை ஏற்க மறுத்துவிட்டார். பிற்காலத்தில் பணத்தைக் கையாடியவர் என்று குற்றம் சாட்டப்பட்டவர் இவரே என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

நான்காண்டு மௌனம்

அவருக்கு முன்னும் சில கறுப்பின மாணவர்கள் வெஸ்ட் பாயிண்டில் சேர்ந்ததுண்டு. ஒருவரும் படிப்பை முடித்தாரில்லை. முதற்கண் சேர்ந்து அங்கேயே நிலைத்திருந்த ஜேம்ஸ் வெப்ஸ்டர் ஸ்மித் என்பார் இடைவிடாத இழிவுகளுக்கு ஆளாகி 1874-இல் விலக்கப்பட்டார். அவருடன் ஒரே அறையில் இருந்தவர் ஃபிளிப்பர்.

ஃபிளிப்பரைப் பிறர் அடிக்கவில்லை, பேசாமல் இருந்தனர். பாடத்திற்கும் பயிற்சிக்கும் வேண்டிய சொற்களுக்கு மேல் ஒரு சொல்லும் அவரிடம் பேசுவதில்லை என்பது வெள்ளை மாணவர்களின் எழுதாத சட்டம். தனியே வந்து அன்பாகப் பேசுபவர்கூடப் பிறர் முன்னிலையில் முகம் திருப்பிக் கொள்வார். உணவுக் கூடத்தில், திடலில், விடுதியில் எங்கும் மௌனம். விடுதி வாழ்க்கையை அறிந்த நம் மாணவ நண்பர்களுக்கு இதன் கொடுமை விளங்கும். உண்ணாமல் ஒருநாள் இருக்கலாம். நான்காண்டு ஒருவரும் முகங்கொடுத்துப் பேசாமல் இருப்பது எளிதா?

அவர் பகைமை பாராட்டாமலும் கெஞ்சாமலும் நான்காண்டுகளைக் கடந்தார். 1877-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், தேறிய 76 பேருள் 50-ஆவது இடம் பெற்றுப் பட்டம் பெற்றார். சான்றிதழ் பெற அவர் மேடையேறியபோது கூட்டத்தில் கையொலி எழுந்தது. மறு ஆண்டே தம் கல்லூரி வாழ்க்கையை ஒரு நூலாக எழுதி வெளியிட்டார். அந்நூலில் கசப்பைக் காட்டிலும் பொறுமையே மிகுந்திருக்கக் காணலாம்.

எல்லையில் ஓர் அதிகாரி

லெப்டினண்டாகப் பதவி பெற்ற ஃபிளிப்பர் 10-ஆம் குதிரைப்படையில் சேர்க்கப்பட்டார். கறுப்பின வீரர்களின் அப்படையை நடத்திய முதல் கறுப்பின அதிகாரி அவர். இன்று ஓக்லகோமா மாநிலத்தில் உள்ள சில் கோட்டையில் அவர் முதற்பணி. அங்கே குட்டைகளில் தேங்கி நின்ற நீரால் மலேரியாக் காய்ச்சல் பரவிப் பலரை வாட்டியது. ஃபிளிப்பர் நில மட்டத்தை அளந்து, ஒரு வடிகால் வாய்க்கால் வெட்டுவித்துத் தேங்கிய நீரை வடித்தார். அவர் பெயராலேயே வழங்கும் அவ்வாய்க்கால் 1977-ஆம் ஆண்டில் நாட்டு வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. சாலை அமைத்தலும் தந்திக் கம்பி அமைத்தலும் அவர் மேற்பார்வையில் நடந்த பிற பணிகள்.

1880-இல் அப்பாச்சித் தலைவர் விக்டோரியோவுக்கு எதிரான போர் மேற்கு டெக்சாசில் நடந்தது. பாலை நிலத்தில் நீர்ச் சுனைகளைக் கைப்பற்றிக் காத்தால் எதிரி தானே தளர்வான் என்பது கர்னல் கிரியர்சனின் போர்முறை. விக்டோரியோவைப் பற்றிய செய்தியைக் கிரியர்சனிடம் சேர்க்க ஃபிளிப்பர் 98 மைல் தொலைவை 22 மணி நேரத்தில் குதிரைமீது கடந்தார். செய்தியைக் கொடுத்தவுடன் அங்கேயே விழுந்து, மறுநாள் வெயில் முகத்தில் படும்வரை உறங்கினார் என்பது அவரே எழுதிவைத்த செய்தி. விக்டோரியோ அவ்வாண்டு அக்டோபரில் மெக்சிகோப் படையினரால் கொல்லப்பட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் மேற்செல்ல இயலவில்லை. தம் இனத்தின் விடுதலையை அண்மையில் பெற்ற வீரர்கள், தம் நிலத்திற்காகப் போராடிய மற்றோர் இனத்தின்மீது ஏவப்பட்டனர். ஆணையிட்டவர் இருவருக்கும் உரியவர் அல்லர். ஃபிளிப்பரின் வீரத்தைப் போற்றும்போது விக்டோரியோவின் மக்கள் இழந்ததையும் நினைப்பதே நடுநிலை.

டிரங்குப் பெட்டியில் வைத்த பணம்

1880-ஆம் ஆண்டு முடியும் தறுவாயில் ஃபிளிப்பர் டேவிஸ் கோட்டைக்கு மாற்றப்பட்டார். தளவாடப் பொறுப்பும் உணவுப் பண்டகசாலைப் பொறுப்பும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டன. வீரர்களுக்கும் அதிகாரிகளுக்கும் உணவுப் பொருள்களை விற்றுப் பணம் பெற்று, கணக்கு எழுதி, சான் அந்தோனியோவில் இருந்த மேலதிகாரிக்கு அனுப்புவது அவர் வேலை. குதிரைமேல் இருந்த வீரர் கணக்குப் புத்தகத்தின்முன் உட்கார வைக்கப்பட்டார்.

1881 மார்ச் மாதத்தில் கர்னல் வில்லியம் ஷாஃப்டர் கோட்டைத் தலைவராக வந்தார். அவர் கடுமையானவர் என்று பெயர் பெற்றவர். கறுப்பினப் படைகளுக்கு நெடுங்காலம் தலைமை தாங்கியவரும் அவரே. ஆகவே அவர் உள்ளத்தில் இருந்தது இன வெறுப்பு ஒன்றே என்று ஒரு வரியில் தீர்ப்புச் சொல்ல நான் துணியவில்லை. வந்தவுடன் தளவாடப் பொறுப்பிலிருந்து ஃபிளிப்பரை நீக்கினார். பண்டகசாலைப் பொறுப்பு மட்டும் மாற்று ஏற்பாடு ஆகும்வரை அவரிடமே இருந்தது. பணத்தை ஃபிளிப்பர் தம் குடியிருப்பில் ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். தம்மைச் சிக்க வைக்கச் சிலர் முயல்கின்றனர் என்று ஊரார் தம்மை எச்சரித்ததாக அவர் பிற்காலத்தில் எழுதினார்.

கோடையில் கணக்குப் பார்த்தபோது பணம் குறைந்திருந்தது. எங்கே போயிற்று என்பது அவருக்கு விளங்கவில்லை. அவ்வேளையில் மேலதிகாரியிடம் நேரே சென்று உண்மையைக் கூறியிருந்தால் அவர் வாழ்க்கை வேறு விதமாக அமைந்திருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. தம் நூலுக்குப் பதிப்பாளரிடமிருந்து வரவேண்டிய தொகையைக் கொண்டு குறையை நிரப்பிவிடலாம் என்று நம்பினார். பணம் சான் அந்தோனியோவுக்கு அனுப்பப்பட்டுவிட்டது என்று ஷாஃப்டரிடம் கூறினார். தமக்குக் கணக்கே இல்லாத வங்கியின் பேரில் 1,440 டாலர் 43 செண்டுக்கு ஒரு காசோலை எழுதிக் காட்டினார். இவையெல்லாம் பொய்கள். இவற்றை மறைத்து அவரைக் குற்றமற்றவராகக் காட்டுவது வரலாறாகாது.

ஆகஸ்டு மாதத்தில் உண்மை வெளிப்பட்டது. அவர் குடியிருப்பு சோதனை இடப்பட்டது. வரவேண்டிய காசோலைகளுள் சில அவர் வீட்டுப் பணிப்பெண்ணிடம் இருந்தன. ஆகஸ்டு 13-ஆம் நாள் அவர் கைது செய்யப்பட்டு, ஆறரை அடி நீளமும் நாலரை அடி அகலமும் உள்ள காவல் கொட்டடியில் அடைக்கப்பட்டார். அதிகாரி ஒருவரை வீரர்களுக்குரிய கொட்டடியில் அடைப்பது அன்றைய படை மரபிற்கே மாறானது. மேலிடத்திலிருந்து ஆணை வந்தபின்னரே அவர் தம் குடியிருப்பிற்கு மாற்றப்பட்டார்.

அப்போது நிகழ்ந்த ஒன்று என் நெஞ்சைத் தொட்டது. கோட்டைக்கு அருகில் இருந்த சிற்றூரின் வணிகர்களும் மக்களும் தம் பணத்தைப் போட்டுச் சில நாட்களிலேயே குறைந்த தொகை முழுவதையும் ஈடு செய்துவிட்டனர். அரசுக்கு ஒரு காசும் இழப்பில்லை. நேர்மையற்றவன் என்று கருதியிருந்தால் எல்லைப்புறத்துக் கடைக்காரர்கள் கைப்பணத்தை இறைத்திருப்பார்களா? கோட்டை கைவிட்டவரை ஊர் கைவிடவில்லை.

தீர்ப்பு

இராணுவ நீதிமன்றம் கோட்டையின் சிற்றாலயத்தில் கூடியது. செப்டம்பரில் தொடங்கி, ஒத்திவைக்கப்பட்டு, நவம்பரில் விசாரணை தொடர்ந்தது. தீர்ப்பு வழங்க அமர்ந்த அதிகாரிகள் அனைவரும் வெள்ளையர். ஷாஃப்டரின் சொந்தப் படைப்பிரிவைச் சேர்ந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். குற்றச்சாட்டுகள் இரண்டு. 3,791 டாலர் 77 செண்டைக் கையாடினார் என்பது ஒன்று. அதிகாரிக்கும் கண்ணியவானுக்கும் தகாத முறையில் நடந்துகொண்டார் என்பது மற்றொன்று. காப்டன் மெரிட் பார்பர் என்ற வெள்ளை அதிகாரி ஃபிளிப்பருக்காகத் திறம்பட வாதாடினார். அவர் பெயரையும் நன்றியுடன் நினைப்பது நம் கடன்.

1881 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. கையாடல் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை, அதிலிருந்து விடுதலை. தகாத நடத்தைக் குற்றம் மெய்யானது. அதற்குத் தண்டனை பணிநீக்கம். படையின் தலைமைச் சட்ட அதிகாரி வழக்கு ஏடுகளைப் படித்து, மோசடி நோக்கம் இல்லை என்றும், தண்டனையைக் குறைக்கலாம் என்றும் பரிந்துரைத்தார். போர்த்துறை அமைச்சராக அன்று இருந்தவர் ராபர்ட் லிங்கன். அடிமைகளுக்கு விடுதலை தந்த ஆபிரகாம் லிங்கனின் மகன். ஆயினும் பரிந்துரை பயன் தரவில்லை. குடியரசுத் தலைவர் செஸ்டர் ஆர்தர் தண்டனையை உறுதி செய்தார். 1882 ஜூன் 30-ஆம் நாள் ஃபிளிப்பர் படையிலிருந்து நீக்கப்பட்டார். அமெரிக்கப் படையில் அன்று இருந்த ஒரே கறுப்பின அதிகாரி அவர்.

அவர் பொய் சொன்னாரே, தண்டனை சரிதானே என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பொய்க்குத் தண்டனை உண்டு, இருக்கவும் வேண்டும். கண்டித்தல், பதவி உயர்வை நிறுத்தி வைத்தல், சில காலம் ஊதியத்தை மறுத்தல் என்று படைச் சட்டத்தில் பல படிகள் உண்டு. முதற்படியிலிருந்து கடைசிப்படி வரை எங்கே நிறுத்துவது என்பதில்தான் நீதி அடங்கியிருக்கிறது. பணத்தைத் திருடவில்லை என்று தாமே தீர்ப்புச் சொன்னவர்கள், திருடனுக்குரிய முடிவையே அவருக்குத் தந்தார்கள். நான்காண்டுகள் ஒருவரும் பேசாத கல்லூரியிலிருந்து வந்தவர், பணம் காணவில்லை என்று மேலதிகாரியிடம் வாய் திறக்க அஞ்சியதில் வியப்பில்லை. அந்த அச்சத்தை அவருக்குக் கற்பித்தவர்கள் யார்? இக்கேள்வியை நீதிமன்றம் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

வீழ்ந்தும் வீழாதவர்

இருபத்தாறு வயதில் பதவியும் பெயரும் போன நிலையில், ஃபிளிப்பர் எல் பாசோவுக்குச் சென்றார். கையில் இருந்த செல்வம் அவர் கற்ற பொறியியலும் ஸ்பானிய மொழியும். மெக்சிகோவில் நில அளவையாளராகவும், பின்னர் அரிசோனாவின் நோகேல்ஸ் நகரில் சுரங்கப் பொறியாளராகவும் தொழில் நடத்தினார்.

அப்பகுதிகளில் ஸ்பானிய அரசும் மெக்சிகோ அரசும் பழங்காலத்தில் வழங்கிய நிலப் பட்டயங்களைக் காட்டிப் பலர் பெருநிலங்களுக்கு உரிமை கொண்டாடினர். மெய்யும் பொய்யும் கலந்திருந்தன. நோகேல்ஸ் நகரத்து நிலத்திற்கே அத்தகைய வழக்கு எழுந்தபோது, பழைய ஆவணங்களை ஆராய்ந்து ஊரின் உரிமையை நிலைநாட்டத் துணை நின்றவர் ஃபிளிப்பர். தொடர்ந்து 1893 முதல் 1901 வரை நீதித்துறையின் சிறப்பு முகவராக, தனியார் நில உரிமை நீதிமன்றத்தில் பணியாற்றினார். ஸ்பானிய, மெக்சிகோ நிலச் சட்டங்களை அவர் ஆங்கிலத்தில் பெயர்த்த தொகுப்பை அரசே 1895-இல் வெளியிட்டது. ஒரு பண்டகசாலைக் கணக்கிற்குத் தகுதியற்றவர் என்று படைத்துறை விரட்டியவரிடம், மாபெரும் நிலப்பரப்புகளின் உரிமை ஏடுகளை நீதித்துறை நம்பி ஒப்படைத்தது. 1921-இல் உள்துறை அமைச்சரின் உதவியாளராக அமர்த்தப்பட்டார். பின்னர் வெனிசுவேலா நாட்டின் எண்ணெய் நிறுவனம் ஒன்றில் பணிபுரிந்தார்.

இத்தனை உயர்வுகளுக்கும் இடையே அவர் நெஞ்சில் ஆறாத புண் ஒன்று இருந்தது. 1898-இல் ஸ்பெயினுடன் போர் மூண்டபோது மீண்டும் படையில் சேர முன்வந்தார். தம் பதவியைத் திரும்பத் தருமாறு காங்கிரசுக்கு விண்ணப்பித்தார். மசோதா முன்வைக்கப்பட்டு, நிறைவேறாமல் போயிற்று. அதே போரில் கியூபாவில் அமெரிக்கப் படைக்குத் தலைமை தாங்கியவர் ஷாஃப்டர். அங்கே 10-ஆம் குதிரைப்படையும் போரிட்டது. அதன் பழைய லெப்டினண்ட் மட்டும் இல்லை. மீண்டும் மீண்டும், 1920-களிலும், ஃபிளிப்பர் முயன்றார். ஒவ்வொரு முறையும் கதவு மூடியே இருந்தது.

1931-இல் அட்லாண்டா திரும்பி, ஆயராக இருந்த தம் தம்பி ஜோசப்பின் வீட்டில் தங்கினார். 1940-ஆம் ஆண்டு, தம் 84-ஆவது வயதில் காலமானார். இறப்புச் சான்றில் தொழில் என்ற இடத்தில், ஓய்வு பெற்ற இராணுவ அதிகாரி என்று தம்பி எழுதுவித்தார். அரசாங்கம் தர மறுத்ததைத் தம்பி ஒரு வரியில் தந்துவிட்டார்.

தீர்ப்பைத் திருத்திய காலம்

கோட்டையின் கதைக்கு மீண்டும் வருவோம். இருப்புப் பாதைகள் வந்தன, போர்கள் ஓய்ந்தன. 1891-இல் படை டேவிஸ் கோட்டையை விட்டு நீங்கியது. இடம் தனியார் கைக்கு மாறியது. கூரை போன பச்சைச் செங்கல் சுவர்கள் மழையில் கரைந்தன. ஆயினும் அவ்வட்டாரத்து மக்கள் அதனை மறக்கவில்லை. 1946-இல் டேவிட் சிம்மன்ஸ் என்ற வழக்கறிஞர் அதனை விலைக்கு வாங்கிக் காக்க முற்பட்டார். மக்களின் இடைவிடாத முயற்சியால் 1961-இல் காங்கிரஸ் அதனைத் தேசிய வரலாற்றுத் தலமாக்கியது. தேசியப் பூங்காத் துறை பொறுப்பேற்று, நிற்கும் கட்டடங்களைச் செப்பனிட்டு, இடிந்தவற்றை மேலும் இடியாமல் காத்து வருகிறது.

சுவர்களைச் செப்பனிட்ட காலத்திலேயே மனிதரின் பெயரைச் செப்பனிடும் முயற்சியும் தொடங்கியது. ஜார்ஜியா மாநிலத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர், ஃபிளிப்பரின் கதையைப் படித்து மனம் பொறாமல், அவருடைய உறவினர்களுடன் சேர்ந்து இராணுவ ஆவணத் திருத்தக் குழுவிடம் முறையிட்டார். 1881-ஆம் ஆண்டு விசாரணையின் ஏடுகள் அழியாமல் இருந்தன. குழு அவற்றை ஆராய்ந்தது. தீர்ப்பையே தள்ளுபடி செய்யத் தனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் தண்டனை வரம்பு கடந்தது, நீதியற்றது என்று முடிவு கூறியது. 1976-இல், 1882 ஜூன் 30-ஆம் நாளிட்டு, மதிப்புடன் விடுவிக்கப்பட்டதாக ஆவணம் திருத்தப்பட்டது. 1977-இல், அவர் பட்டம் பெற்ற நூறாம் ஆண்டில், அவருடன் ஒருவரும் பேசாதிருந்த வெஸ்ட் பாயிண்டில் அவர் மார்பளவுச் சிலை திறக்கப்பட்டது. தடைகளைப் பொறுமையுடன் வென்று தேறும் மாணவருக்கு ஆண்டுதோறும் அவர் பெயரால் ஒரு விருதும் ஏற்படுத்தப்பட்டது. 1978-இல் அவர் உடல் அட்லாண்டாவிலிருந்து எடுத்துச் செல்லப்பட்டு, பிறந்த ஊரான தாமஸ்வில்லில் மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டது. 1999 பிப்ரவரி 19-ஆம் நாள் குடியரசுத் தலைவர் கிளிண்டன் அவருக்கு முழு மன்னிப்பு வழங்கினார். இறந்தவர் ஒருவருக்கு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் மன்னிப்பு வழங்கியது அதுவே முதன்முறை.

இச்செய்தியைப் படித்து மகிழ்ந்தேன். கூடவே ஒரு குறையும் நெஞ்சில் நின்றது. மன்னிப்பு என்பது குற்றவாளிக்கு அளிப்பது. ஃபிளிப்பர் தம் வாழ்நாளில் கேட்டது மன்னிப்பை அன்று. இழந்த பதவியையும் கெட்ட பெயரின் நீக்கத்தையும் கேட்டார். அவர் கேட்டது கிடைப்பதற்குள் கேட்டவர் போய்விட்டார். காலந் தாழ்ந்த நீதி கல்லறைக்கு அணிவித்த மாலை. மாலை அணிவிக்காமல் இருப்பதைவிட அது மேல். கழுத்து இருந்தபோது அணிவித்திருந்தால் அதனினும் மேல். அவருக்குப்பின் 1887-இலும் 1889-இலும் ஒவ்வொரு கறுப்பின மாணவர் வெஸ்ட் பாயிண்டில் தேறினர். அதன்பின் 1936 வரை ஒருவரும் இல்லை. ஒருவரை வெளியேற்றிய கதவு எத்தனை பேருக்கு மூடியிருந்தது என்பதை இந்த ஆண்டுக் கணக்கு கூறும்.

கோட்டை கூறும் பாடம்

டேவிஸ் கோட்டையில் இன்று திருத்தி அமைக்கப்பட்ட வீரர் குடியிருப்பு உண்டு, மருத்துவமனை உண்டு, தளபதியின் வீடு உண்டு. ஃபிளிப்பரின் வழக்கு நடந்த சிற்றாலயம் அடித்தளமாக மட்டும் எஞ்சியுள்ளது. நீதி வழங்கிய கட்டடம் நிலைக்கவில்லை. அங்கே எழுதப்பட்ட ஏடுகள் நிலைத்தன. அந்த ஏடுகள்தாம் பிற்காலத்தில் அவருக்குச் சாட்சியாயின. சாட்சிகளின் சொற்களை அன்று ஒழுங்காக எழுதி வைத்த கையும், அவற்றைத் தூக்கி எறியாமல் காத்த அலுவலகமும் இல்லையாயின் ஃபிளிப்பர் இன்றும் குற்றவாளியே.

கோட்டைகளைக் காப்பது கற்களுக்காக மட்டும் என்று நினைப்பவர் உளர். ஒரு நாடு தன் வெற்றிச் சின்னங்களைக் காப்பதில் வியப்பில்லை. தான் தவறிய இடத்தையும் இடியாமல் காத்து, வருவோர்க்குக் காட்டி, இங்கே இவருக்கு அநீதி இழைத்தோம் என்று சொல்ல முன்வருவதே பண்பாடு. எல்லையைக் காக்க எழுந்த கோட்டை தன் அதிகாரி ஒருவரைக் காக்கத் தவறியது. அத்தவற்றின் நினைவைக் காப்பதன் மூலம் அது தன் கடமையின் ஒரு பகுதியை இன்று நிறைவேற்றுகிறது.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் நாளை அலுவலராக, ஆசிரியராக, நீதி வழங்குபவராக அமரப் போகிறவர்கள். நம் முன்னால் தவறு செய்த ஒருவர் வந்து நிற்பார். அவர் செய்த தவற்றை மட்டும் நிறுக்கிறோமா, அவர் பிறப்பையும் சேர்த்து நிறுக்கிறோமா என்று ஒரு கணம் தராசைப் பார்ப்போமானால், ஃபிளிப்பரின் வாழ்க்கையைப் படித்ததன் பயன் நமக்குக் கிட்டியதாகும்.